எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் போட்டிருந்தது யார் கொடுத்த பூட்ஸ்? ட்ரெக்கிங் கிளம்புறதுக்கு முன்னாடி இந்தக் கதையைப் படிங்க!

ஜெயமங்கலம், மேல்மங்கலம், பெரியகுளம் பக்கத்து ஆளா நீங்க? அப்போ மலைங்கிறது உங்களுக்கு லீவு போட்டுப் போய்ப் பார்க்குற விஷயமே இல்லை. வயல் வரப்புல நின்னு தலையைத் தூக்கினா கொடைக்கானல் மலை தெரியும். பைக்கை எடுத்தா கொஞ்ச நேரத்துல கும்பக்கரை. இன்னொரு பக்கம் போடி, குரங்கணி, கொழுக்குமலை. வாட்ஸ்அப் குரூப்ல 'மாப்ள, இந்த வாரம் ஏறுவோமா?'னு ஒரு மெசேஜ் விழுந்தா போதும், பிளான் ரெடி.

அந்த பிளான்ல என்னவெல்லாம் இருக்கும்? யார் வண்டி, யார் கேமரா, சாப்பாடு எங்கே வாங்குறது, எத்தனை மணிக்குக் கிளம்புறது. கால்ல என்ன போடுறதுன்னு மட்டும் யாரும் கேட்க மாட்டாங்க. வீட்டு வாசல்ல எது கிடக்குதோ அதை மாட்டிக்கிட்டுக் கிளம்புவோம். பாதி வழியில செருப்பு வார் அறுந்து, குதிகால்ல கொப்புளம் வந்து, நொண்டிக்கிட்டே இறங்கினவங்க நம்ம எல்லா குரூப்லயும் ஒருத்தராவது இருப்பாங்க.

கால்ல போடுற பொருள் ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் கொண்டு போகும்னு தெரிஞ்சுக்க ஒருத்தரோட வாழ்க்கையைப் பார்க்கலாம். அவர் பெயர் உங்க எல்லாருக்கும் தெரியும். நாலாம் வகுப்பு பொது அறிவுக் கேள்வியிலேயே வந்துடுவார். டென்சிங் நோர்கே. எவரெஸ்ட்ல முதன்முதல்ல ஏறின ரெண்டு பேர்ல ஒருத்தர். அந்த ஒரு வரியோட நாம அவரை மறந்துடுறோம். அதுக்கு முன்னாடி அவர் நடந்த 20 வருஷ நடைதான் உண்மையான கதை.

யாக் மேய்த்த வீட்டுப் பையன்

1914-ம் வருஷம் பிறந்தவர் டென்சிங். பிறந்த தேதி அவருக்கே சரியாகத் தெரியாது. 13 பிள்ளைகள் பிறந்த வீட்டில் 11-வது பிள்ளை. அப்பா யாக் மேய்ப்பவர். முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. பிறகு ஒரு லாமா சொன்னதால் டென்சிங் நோர்கே ஆனார். நேபாளத்தில் எவரெஸ்ட்டின் அடிவாரத்தில் இருக்கும் ஷெர்பாக்களின் ஊர்களில் ஒன்றான தாமேயில் வளர்ந்தார். மடத்தில் சேர்த்துவிட்டார்கள், அங்கே இருக்கப் பிடிக்காமல் வீட்டுக்கே ஓடி வந்துவிட்டார். பள்ளிக்கூடம் போனதில்லை. பிற்காலத்தில் பல மொழிகள் சரளமாகப் பேசினாலும், எழுதப் படிக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது 1921, 1922, 1924 என மூன்று முறை ஆங்கிலேயர்கள் திபெத் வழியாக எவரெஸ்ட்டுக்கு வந்தார்கள். சுமை தூக்க ஷெர்பா இளைஞர்களைக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் காலில் பெரிய பெரிய தோல் பூட்ஸ். ஊர்ப் பையன்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். டென்சிங் ஒரு ஜோடியைப் போட்டும் பார்த்தார். கனமோ கனம், அளவும் பெரிசு. காலைத் தூக்கி வைக்கவே முடியவில்லை என்று பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். ஒரு மலையேறியின் வாழ்க்கை இப்படி அளவு சேராத பூட்ஸில்தான் தொடங்கியது.

அந்தக் காலத்து பூட்ஸ் எப்படி இருக்கும் தெரியுமா? கெட்டித் தோல், கீழே தோல் சோல், வழுக்காமல் இருக்க அந்த சோலில் வரிசையாக இரும்பு ஆணிகள். பாறையில் பிடிப்பு கிடைக்கும். ஆனால், பனியில் அந்த ஆணி வழியாகவே குளிர் காலுக்குள் ஏறும். ஈரம் குடித்த தோல் இரவில் கல் மாதிரி உறைந்துவிடும். 1924-ல் எவரெஸ்ட்டில் காணாமல் போன ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999-ல்தான் கிடைத்தது. 75 வருஷத்துக்குப் பிறகும் அவர் காலில் அந்த ஆணி அடித்த பூட்ஸ் இருந்தது.

சிரிப்பால் கிடைத்த வேலை

18 வயதில், 1932-ல், வீட்டை விட்டுக் கிளம்பி டார்ஜிலிங் வந்து சேர்ந்தார் டென்சிங். எவரெஸ்ட் போகும் குழுக்கள் எல்லாம் அங்கேதான் ஆள் எடுக்கும். 1933-ல் கேட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. முன் அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம். இன்னைக்கு இன்டர்வியூவுக்குப் போற உங்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1935-ல் எரிக் ஷிப்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறிய குழுவோடு வந்தார். கடைசி நேரத்தில் இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டது. கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வரிசையில் நின்ற டென்சிங்கின் சிரிப்பு அவருக்குப் பிடித்துப்போனது. வேலை கிடைத்தது. சுமை தூக்கும் வேலைதான். 1936-ல் மறுபடி, 1938-ல் மறுபடி. 1938 பயணத்தில் மிக உயரமான முகாம் வரை சுமை கொண்டுபோனதற்காக அவருக்குப் 'புலி' என்ற பட்டம் கிடைத்தது. உயரத்தில் சிறப்பாக வேலை செய்த ஷெர்பாக்களுக்கு இமாலயன் கிளப் கொடுத்த பட்டம் அது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் பூட்ஸின் அடிப்பாகமே மாறிக்கொண்டிருந்தது. 1935-ல் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குழு புயலில் மாட்டி 6 பேர் இறந்தார்கள். அந்தப் பயணத்தில் இருந்து உயிரோடு திரும்பிய விட்டாலே பிரமானி, நண்பர்கள் இறந்ததற்கு அவர்கள் காலில் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைத்தார். அந்த நாளில் அடிவாரம் வரை ஆணி பூட்ஸ், பாறை ஏற மெல்லிய துணி ஷூ என்று மாற்றிப் போடுவார்கள். பனி பெய்தால் மெல்லிய ஷூ கைகொடுக்காது. பாறைக்கும் பனிக்கும் சேறுக்கும் ஒன்றாகப் பிடிக்கும் சோல் வேண்டும் என்று யோசித்து, டயர் செய்யும் பிரெல்லி கம்பெனியின் உதவியோடு 1937-ல் ஆழமான வெட்டுகள் உள்ள ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அதுதான் விப்ரம். இன்னைக்கு நீங்க கடையில திருப்பிப் பார்க்குற ட்ரெக்கிங் ஷூவோட அடியில கட்டம் கட்டமா இருக்கே, அந்த எண்ணத்தோட தொடக்கம் அங்கேதான்.

தேய்ந்த பூட்ஸும் தேறிய அனுபவமும்

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பயணங்கள் நின்றன. டென்சிங் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சித்ராலில் ஒரு ராணுவ அதிகாரியிடம் வேலை பார்த்தார். மகன் சின்ன வயதிலேயே இறந்திருந்தான். 1944-ல் மனைவி தாவா புட்டியும் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு டார்ஜிலிங் திரும்பினார். பிறகு ஆங் லாமுவைத் திருமணம் செய்துகொண்டார். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

1947-ல் ஏர்ல் டென்மன் என்பவர் வந்தார். அனுமதி இல்லை, பணம் இல்லை, சரியான கருவிகள் இல்லை. திபெத்துக்குள் திருட்டுத்தனமாகப் போய் எவரெஸ்ட் ஏற வேண்டும் என்று ஆசை மட்டும் இருந்தது. இது நடக்காது என்று டென்சிங்குக்குத் தெரியும். இருந்தும் எவரெஸ்ட் என்ற பெயர் கேட்டதும் கூடப் போனார். குளிரும் காற்றும் பாதியிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பின. கிழிந்த துணியும் தேய்ந்துபோன பூட்ஸுமாகத் திரும்பினார்கள். துணிச்சல் எவ்வளவு இருந்தாலும் அது உடம்பில் போடுற துணிக்கும் காலில் போடுற பூட்ஸுக்கும் பதில் ஆகாது என்பதற்கு அந்தப் பயணம் நல்ல உதாரணம். ஆனாலும் மனிதரை மனிதருக்குப் பிடித்திருந்தது. டென்மன் தன் கம்பளிக் குல்லாவை டென்சிங்கிடம் விட்டுவிட்டுப் போனார்.

அதே வருஷம் சுவிட்சர்லாந்து குழுவோடு கார்வால் மலைகளுக்குப் போனார் டென்சிங். குழுவின் ஷெர்பா தலைவர் வாங்டி நோர்பு விழுந்து படுகாயமடைய, மீட்கப் போனவர்களில் டென்சிங்கும் ஒருவர். தலைவர் பொறுப்பு, அதாவது சர்தார் பொறுப்பு, அவரிடம் வந்தது. 1951-ல் பிரெஞ்சுக் குழுவோடு நந்தா தேவி போனார். அங்கே காணாமல் போன இரண்டு பேரைத் தேடி, நந்தா தேவி கிழக்குச் சிகரத்தில் ஏறினார். தன் வாழ்க்கையிலேயே கஷ்டமான ஏற்றம் அதுதான், எவரெஸ்ட் இல்லை என்று பிறகு சொல்லியிருக்கிறார்.

கால்விரல்கள் இல்லாத நண்பன்

1952-ல் சுவிஸ் குழு நேபாளம் வழியாக எவரெஸ்ட்டுக்கு வந்தது. இங்கேதான் டென்சிங்கின் வாழ்க்கையில் ரேமண்ட் லம்பெர்ட் வருகிறார். 1938-ல் ஆல்ப்ஸில் குளிர்காலப் புயலில் மாட்டி, பனிக்கடியில் கால்விரல்களை எல்லாம் இழந்தவர் அவர். விரல் போனால் மலையேற்றம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். லம்பெர்ட் தன் குட்டையான பாதத்துக்கு அளவெடுத்துத் தனி பூட்ஸ் செய்துகொண்டார். அதைப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார், எவரெஸ்ட் வரைக்கும் வந்தார்.

பனிக்கடி என்றால் என்னவென்று நம்ம ஊர் ஆட்களுக்கு லேசில் புரியாது. கடுங்குளிரில் உடம்பு, இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கை கால் விரல்களுக்கு ரத்தம் குறையும். முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். வலி நின்றுவிட்டதே என்று நிம்மதி வரும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. சதை உறைந்து, கறுத்து, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டியதாகும். பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்தம் இன்னும் குறையும், ஈரமாக இருந்தால் குளிர் இன்னும் வேகமாக ஏறும். 1950-ல் அன்னபூர்ணாவை ஏறிய பிரெஞ்சுக்காரர்கள் மாரிஸ் ஹெர்சாக், லூயி லாஷெனல் இரண்டு பேருமே கால்விரல்களை இழந்துதான் ஊர் திரும்பினார்கள்.

1952 மே மாதம் லம்பெர்ட்டும் டென்சிங்கும் 8,000 மீட்டருக்கு மேலே ஒரு சின்ன கூடாரத்தில் இரவைக் கழித்தார்கள். தூங்கும் பை இல்லை. அடுப்பு இல்லை. மெழுகுவத்திச் சூட்டில் பனியை உருக்கிக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்கள். தூங்கினால் உறைந்துவிடுவோம் என்று விடிய விடிய ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் விரலே இல்லையே, நீ உன் விரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று லம்பெர்ட் கிண்டலாகச் சொன்னாராம். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. சைகையும் அரைகுறை வார்த்தைகளும்தான். மறுநாள் ஏறக்குறைய 8,595 மீட்டர் வரை போனார்கள். அதுவரை மனிதன் எட்டியதிலேயே மிக அதிக உயரம் என்று அப்போது கருதப்பட்டது. மேலே போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று புரிந்தது. திரும்பிவிட்டார்கள்.

அதே வருஷம் இலையுதிர் காலத்தில் இன்னொரு முயற்சி. அதுவும் முடியவில்லை. பிரியும்போது லம்பெர்ட் தன் சிவப்பு மஃப்ளரை டென்சிங்குக்குக் கொடுத்தார். அந்த வருஷம் சுவிஸ் குழு கொடுத்த கலைமான் தோல் பூட்ஸும் டென்சிங்கிடம் இருந்தது.

கார் ஷெட்டில் தூங்கிய சாம்பியன்கள்

1953-ல் ஜான் ஹன்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு வந்தது. இந்த முறை டென்சிங் ஷெர்பாக்களின் சர்தார் மட்டுமில்லை, ஏறும் குழுவின் முழு உறுப்பினரும்கூட. ஆனால், காத்மாண்டுவில் இறங்கியதும் முதல் உரசல். ஆங்கிலேயர்களுக்குத் தூதரகக் கட்டடத்தில் இடம், ஷெர்பாக்களுக்கு முன்பு குதிரை லாயமாக இருந்த கார் ஷெட். கழிப்பறைகூட இல்லை. ஷெர்பாக்கள் தங்கள் எதிர்ப்பை மறுநாள் காலையில் அந்த ஷெட்டுக்கு எதிரிலேயே சிறுநீர் கழித்துக் காட்டினார்கள். உயிரைப் பணயம் வைத்து ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறப் போகிறவர்களுக்கு இரவு தூங்க இரண்டு விதமான இடம். இந்த வலி டென்சிங்கின் வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்தது.

பூட்ஸ் விஷயத்தில் அந்தக் குழு ரொம்பக் கவனமாக இருந்தது. இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் இருந்த காலணி ஆராய்ச்சி நிலையம் உயரமான இடத்துக்கென்றே தனி பூட்ஸ் வடிவமைத்தது. மெல்லிய தோல் ஒரு பக்கம், தண்ணீர் புகாத உள் அடுக்கு ஒரு பக்கம், நடுவில் ஏறக்குறைய ஒரு அங்குல கனத்துக்குப் பஞ்சு. என்ன பஞ்சு தெரியுமா? இலவம் பஞ்சு! நம்ம போடி பக்கம் மெத்தை, தலையணைக்கு அடைக்கிற அதே இலவம் பஞ்சுதான். அந்த நாருக்குள் காற்று நிறைய தங்கும், தங்கிய காற்று குளிரைத் தடுக்கும். எடையும் குறைவு. கனமான தோல் பூட்ஸால் நடக்கவே முடியாமல் தவித்த பையன் வளர்ந்து, இப்படி ஒரு பூட்ஸ் செய்த காலத்துக்கு வந்து சேர்ந்தார்.

இன்னொரு விஷயமும் கவனிங்க. கீழ்ப்பகுதிக்கு ஒரு பூட்ஸ், பனிமேட்டுக்கு மேலே ஒரு பூட்ஸ் என்று அவர்கள் இரண்டு வகை கொண்டுபோனார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே ஷூ சரிப்படாது என்பது அன்றே தெரிந்த பாடம். அதே நேரம், அந்தக் குழுவின் டன் கணக்கான சாமான்களை அடிவாரம் நோக்கிச் சுமந்த 350-க்கும் மேற்பட்ட கூலித் தொழிலாளர்களில் பலர் வெறுங்காலில் நடந்தார்கள். அந்தப் பயணத்தின் புகைப்படங்களைப் பார்த்தால் தெரியும்.

உறைந்துபோன ஒரு ஜோடி

ஏப்ரலில், பனி ஆற்றுப் பகுதியில், எட்மண்ட் ஹிலாரி ஒரு பிளவுக்குள் விழுந்தார். பின்னால் வந்த டென்சிங் ஐஸ் கோடரியைப் பனியில் குத்தி, கயிற்றை இறுக்கிப் பிடித்து அவரைக் காப்பாற்றினார். அந்த ஜோடி அங்கேயே உறுதியானது. மே 26 அன்று முதல் ஜோடி பூர்டிலன், எவான்ஸ் தெற்குச் சிகரம் வரை போய்த் திரும்பியது. அடுத்தது இவர்கள்.

மே 28 இரவு. சுமார் 8,500 மீட்டர் உயரத்தில் சரிவான இடத்தில் ஒரு கூடாரம். இங்கேதான் நம்ம கதையோட முக்கியமான இடம் வருது. தூங்கப் போகும்போது ஹிலாரி பூட்ஸைக் கழற்றி வைத்தார். டென்சிங் கழற்றவில்லை. கலைமான் தோல் பூட்ஸோடு அப்படியே படுத்தார். விடியற்காலை 4 மணிக்கு வெப்பநிலை மைனஸ் 27 டிகிரி. ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது. அதை ஸ்டவ்வில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் ஆனது.

இரண்டு மணி நேரம் என்றால் நமக்கு ஒரு சினிமா. அந்த உயரத்தில் அது உயிர். ஆக்ஸிஜன் அளவோடுதான் இருக்கிறது, வானிலை எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. நல்ல வேளையாக அன்று வானம் தெளிவாக இருந்தது. 6:30 மணிக்குக் கிளம்பினார்கள். ஹிலாரி செய்தது முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது, உலகின் மிகச் சிறந்த பூட்ஸ் அவர் காலில் இருந்தது. ஆனால், நல்ல பூட்ஸ் வாங்குவது பாதி வேலைதான், அதைப் பார்த்துக்கொள்வது மீதி வேலை. அந்த மீதி வேலையை டென்சிங் 18 வருஷமாக மலையிடமே கற்றிருந்தார்.

1953 மே 29, காலை 11:30. உச்சி. அங்கே இருந்தது 15 நிமிஷம். டென்சிங் மகள் நீமா கொடுத்த சின்ன பென்சிலையும் மிட்டாய்களையும் பனியில் புதைத்தார். அந்தப் புகழ்பெற்ற போட்டோவில் ஐஸ் கோடரியோடு நிற்பவர் டென்சிங். அவர் உடம்பில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பாருங்க. காலில் சுவிஸ் பூட்ஸ். அதற்குள் மனைவி ஆங் லாமு கையால் பின்னிய கம்பளி சாக்ஸ். டார்ஜிலிங்கில் இமாலயன் கிளப் திருமதி ஹெண்டர்சன் கொடுத்த ஸ்வெட்டர். தலையில் டென்மன் விட்டுப்போன குல்லா. கழுத்தில் லம்பெர்ட்டின் சிவப்பு மஃப்ளர். தோற்றுத் திரும்பிய பயணங்கள் எல்லாம் அன்று அவரோடு உச்சிக்குப் போயின.

உச்சிக்குப் பிறகு

கீழே இறங்கியதும் ஒரே கேள்வி. யார் முதலில் கால் வைத்தது? காத்மாண்டுவில் கூட்டம், கோஷம், அரசியல். எழுதப் படிக்கத் தெரியாத மனிதரை ஆளாளுக்கு இழுத்தார்கள். ஒரே கயிற்றில் போன இரண்டு பேருக்கு இடையில் இந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை என்பதுதான் இருவரின் நிலையும். சில வருஷம் கழித்து வந்த தன் வாழ்க்கைக் கதையில் ஹிலாரிதான் சில அடி முன்னால் போனார் என்று டென்சிங்கே சொல்லி, அந்தக் கதையை முடித்துவைத்தார். ஹிலாரிக்கும் ஹன்ட்டுக்கும் சர் பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இந்தியா 1959-ல் பத்மபூஷண் கொடுத்தது.

லண்டன் போக வேண்டிய நேரத்தில் போட நல்ல துணி இல்லை. நேரு தன் அலமாரியைத் திறந்து தன் உடைகளையே எடுத்துக் கொடுத்தார். 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது களப்பயிற்சி இயக்குநர் ஆனார் டென்சிங். அதற்கு முன் சுவிட்சர்லாந்து போய், கற்றுக்கொடுப்பது எப்படி என்று தானே மாணவராக இருந்து கற்றுக்கொண்டார். எவரெஸ்ட் ஏறியவர் வகுப்பில் போய் உட்கார்ந்ததை யோசிச்சுப் பாருங்க. 1976 வரை இளைஞர்களுக்குக் கயிறு கட்டவும், கோடரி பிடிக்கவும், கால் வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். 1986 மே 9 அன்று டார்ஜிலிங்கில் இறந்தார். பத்து வருஷம் கழித்து, 1996-ல், அவர் மகன் ஜம்லிங் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்.

இப்போ உங்க கால்

நம்ம மலையில மைனஸ் 27 கிடையாது, பனிக்கடி வராது. ஆனா டென்சிங் கதையில இருக்குற ஒவ்வொரு பாடமும் கும்பக்கரைக்கும் குரங்கணிக்கும் பொருந்தும்.

அளவு: சின்ன வயசு டென்சிங் கால் தூக்க முடியாம நின்னது அளவு சேராததாலதான். நடக்க நடக்கக் கால் வீங்கும். அதனால ஷூ வாங்கச் சாயங்காலம் போங்க, மலைக்குப் போடப் போற அதே சாக்ஸைப் போட்டுப் பாருங்க. பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். இல்லைன்னா இறக்கத்துல விரல் முட்டி முட்டி நகம் கறுத்துடும். குதிகால் மட்டும் மேலேயும் கீழேயும் ஆடக் கூடாது.

சோல்: திருப்பிப் பாருங்க. வெட்டு ஆழமா, இடைவெளியோட இருக்கணும். தட்டையான சோல் ரோட்டுக்குச் சரி, ஈரப் பாறையில சறுக்கும். எந்த சோலா இருந்தாலும் பாசி பிடிச்ச அருவிப் பாறையில நம்பாதீங்க.

வகை: ஒருநாள் நடை, தோள்ல சின்ன பை மட்டும்னா கணுக்காலுக்குக் கீழே நிக்கிற லேசான ட்ரெக்கிங் ஷூ போதும். கனமான பை, கல்லு கரடு, ரெண்டு நாள் நடைன்னா கணுக்காலை மூடுற வகை நல்லது. தண்ணி புகாத ஷூன்னு விலை கூடக் கொடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. ஓடையில இறங்கினா மேல் வழியா உள்ளே போற தண்ணி வெளியே வராது. மழைக்காலத்துல சீக்கிரம் காயுற வலைத்துணி ஷூ பல நேரம் வசதி.

சாக்ஸ்: ஆங் லாமு பின்னினது கம்பளி. காரணம் இருக்கு. பருத்தி வியர்வையைக் குடிச்சு ஈரமாவே கிடக்கும், ஈரத்தோல் உரசினா கொப்புளம். கம்பளி கலந்ததோ, விளையாட்டு வீரர்கள் போடுற செயற்கை இழையோ வாங்குங்க. ஒரு ஜோடி கூடுதலா பையில இருக்கட்டும். சோலைக்காட்டுல மழை நேரம்னா அட்டை ஏறும், முழங்கால் வரை வர்ற அட்டை சாக்ஸ் வேணும்.

பழக்கம்: புது ஷூவை மலையிலதான் முதல்ல போடுவேன்னு அடம்பிடிக்காதீங்க. ரெண்டு வாரம் வயக்காட்டுப் பக்கம், ஊருக்குள்ள போட்டு நடங்க. எங்கே கடிக்குதுன்னு வீட்டுப் பக்கத்துலயே தெரிஞ்சுடும். பல வருஷம் மூலையில கிடந்த ஷூவா? சோலை வளைச்சுப் பாருங்க. பசை விட்டுப்போன சோல் நடுக்காட்டுலதான் வாயைப் பிளக்கும்.

பராமரிப்பு: நனைஞ்ச ஷூவை நெருப்புல காட்டாதீங்க, பசையும் தோலும் போயிடும். உள்ளே பேப்பரைத் திணிச்சு நிழல்ல காய வைங்க. நடக்கும்போது ஓரிடத்துல சூடா எரிய ஆரம்பிச்சா அப்பவே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்க. குரூப் முன்னாடி போகுதேன்னு வெட்கப்பட்டா, அடுத்த அரை மணியில மொத்த குரூப்பும் உங்களுக்காக நிக்கும்.

இதெல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில போன உயிர்களை நம்ம மாவட்டம் மறக்காது. வனத்துறை அனுமதி இல்லாம எந்தப் பாதையிலயும் ஏறாதீங்க. 2024-ல தொடங்கின ட்ரெக் தமிழ்நாடு தளத்துல அனுமதிச்ச பாதைகளுக்கு முன்பதிவு பண்ணலாம், வழிகாட்டியும் கூட வருவார்.

சுமந்தவங்க கால்

மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடி கொடைக்கானலுக்கு வழி நம்ம பக்கம்தான். பெரியகுளத்துல இருந்து கும்பக்கரைப் பக்கமா ஏறி, வெள்ளகவி வழியா, 2,000 மீட்டருக்கு மேலே இருக்குற கொடைக்குப் போற பாதை. வெள்ளைக்காரங்க நடந்தா ஏறினாங்க? பல பேரை நாற்காலியிலயும் பல்லக்குலயும் வெச்சு நம்ம ஆளுங்க தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. அந்தப் பாதைக்குப் பேரே கூலி காட். பேரு தூக்கினவங்க நினைவா நின்னுச்சு, ஆனா தூக்கினவங்க ஒருத்தர் பேர்கூட எந்தப் பலகையிலயும் இல்லை.

அந்தப் பாதையில இருக்குற வெள்ளகவியில ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குள்ள யாரும் செருப்பு போடுறதில்லை. ஊரே கோயில்னு நினைக்கிற மக்கள். நீங்க எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஷூவா இருந்தாலும் ஊர் எல்லையில கழற்றிக் கையில எடுத்துக்கிட்டுத்தான் உள்ளே போகணும். அதை மதிச்சு நடங்க. எங்கே போடணும்னு தெரிஞ்சவங்களுக்கு எங்கே கழற்றணும்னும் தெரிஞ்சிருக்கணும்.

டென்சிங் ஒருத்தர் பேர் நமக்குத் தெரியும். அவரோட சுமை தூக்கின நூத்துக்கணக்கானவங்க பேர் தெரியாது. அடுத்த முறை மலைக்குப் போறப்போ உங்க பையையோ, சாப்பாட்டு மூட்டையையோ தூக்கிட்டு ஒருத்தர் முன்னாடி நடந்தார்னா, அவர் பேரைக் கேளுங்க. அப்படியே அவர் கால்ல என்ன இருக்குன்னும் ஒரு தடவை பாருங்க. வார் அறுந்த ரப்பர் செருப்பா இருந்தா, ஆளுக்கு ஐம்பதோ நூறோ போட்டு நல்ல ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுக்க உங்க வாட்ஸ்அப் குரூப்பால முடியும். மறக்காம அளவைக் கேட்டு வாங்குங்க.